கலங்கிய கசிவு

மாலை நான்கரை மணிக்குக் கசிவுத் தண்ணீர் கலங்கியது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டுத்தான் தூக்குச்சட்டியைக் கழுவப் போனேன். அதனால் நேரம் நினைவிருக்கிறது.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. ஆலங்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில் நான் ஆசிரியை. கணவர் மலாயாவில். ஊரை விட்டுத் தள்ளி, கண்மாய்க்கரையின் அடியில் எங்கள் வீடு ஒன்றுதான். மகள் புதுக்கோட்டையில் ஒன்பதாவது படித்தாள். ஐந்து மணி பஸ்ஸில் வந்து இறங்குவாள்.

மண்கரை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் தண்ணீரை முழுக்க நிறுத்திவிடாது. ஓட்டை போட்ட பால்டின்களில் மணலையும் களிமண்ணையும் நிரப்பி, தண்ணீர் ஊற்றி வகுப்பில் காட்டுவேன். மணல் உடனே விட்டுவிடும். களிமண் வெகுநேரம் வைத்திருந்து, சொட்டுச் சொட்டாக விடும். "களிமண்ணு கஞ்சன் டீச்சர்" என்பார்கள் பிள்ளைகள். எங்கள் கரையும் அப்படித்தான். அடியில் சின்னக் குழி வெட்டி, அதில் ஊறும் தெளிந்த தண்ணீரில்தான் பாத்திரம் கழுவுவேன். தெளிவாக வரும்வரை பயமில்லை. கலங்கினால், தண்ணீர் கரைக்குள் வழி கண்டுபிடித்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

அன்று குழியில் செம்மண் கொப்பளித்தது. கண்மாய் அப்போது நிறைந்து கிடந்தது.

ஊருக்கு ஓடிச் சொல்ல வேண்டும். ஆனால் ஊருக்குள் பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு வர இரண்டு வழி: கரைமேல் ஒன்று, வயல் வரப்பில் ஒன்று. நான் ஒன்றில் போக, அவள் மற்றதில் வந்து, நான் வருவேன் என்று வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டால்? வீட்டருகே இரண்டு வழியும் சேரும் இடத்தில் நின்றுகொண்டேன். கத்திப் பார்த்தேன். எதிர்க்காற்று, சத்தம் என் காதுக்கே திரும்பியது.

பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவள் வரவில்லை.

விரல் தடிமனாக இருந்த கசிவு மணிக்கட்டு அளவு ஆனது. கரையிலிருந்து ஒரு கட்டி மண் பெயர்ந்து என் காலடியில் விழுந்தது. வரப்பைப் பார்ப்பேன், கரையின் வளைவைப் பார்ப்பேன், மறுபடி வரப்பை. கூட நின்று "நீ போ, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. அரிசி களைந்த தண்ணீர் கலங்குவதைப் பார்த்தால் இன்றும் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.

இருட்டும் நேரத்தில் கரைமேல் அரிக்கன் விளக்குகள் வந்தன. மண்வெட்டி, சாக்கு, வைக்கோல் கட்டுகளோடு ஆட்கள் கண்மாய்ப் பக்கம் இறங்கினார்கள். ஒருவர் மேலிருந்தே கத்தினார்: "டீச்சரம்மா, ஒங்க மக ஊரையே வெரட்டிக் கொண்டாந்துருச்சு! குடிச்ச டீ பாதியில நிக்குது! மொதல்ல அந்தப் பள்ளத்த விட்டு மேல ஏறுங்க!"

ஏறினேன். புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள் மகள். இரண்டு கையாலும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கரைமேலதாம்மா வந்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் தண்ணியில சருகெல்லாம் ஒரே எடத்துல சுத்திச் சுத்தி உள்ள போச்சு. நீ கீழ வீட்டுல இருப்ப. ஒன்னக் கூப்பிட வாரதா, ஊரக் கூப்பிடப் போறதான்னு தெரியாம, அங்கனயே ரொம்ப நேரம் நின்னுட்டேம்மா."