ஏணியில் இருந்தவன்

தொழிற்சாலை ஒன்றின் மீட்டிங் அறையில், கார்பன் டை ஆக்சைடு சென்சாரை மாட்டி, விசிறிகளை இயக்கும் கண்ட்ரோலருடன் இணைத்தேன். ஏணியிலேயே நின்று சென்சாரின் திரையைப் பார்த்தேன். மீட்டிங் எதுவும் நடக்காத அறையில் அளவு ஏறிக்கொண்டே போனது.

"நீ தரையில தெளிச்ச மருந்துதான் இதுக்குக் காரணம்!" என்று, அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் மாலாவிடம் கத்தினேன்.

அவள் போய்த் தேத்தண்ணி வாங்கி வந்தாள். "அண்ணே, எறங்கி வெளிய வந்து குடிங்க லா."

குடித்துவிட்டுத் திரும்பினால், அளவு இறங்கியிருந்தது. மறுபடி ஏணியில் ஏறினேன், அதுவும் ஏறியது. அத்தனையும் சென்சாருக்கு நேராக நான் விட்ட மூச்சு.

"நீங்க கத்துனப்பதான் அண்ணே ரொம்ப ஏறுச்சு," என்று சிரித்தாள் மாலா.

மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் சென்சார் மாட்டியதும் வெளியே போய் ஒரு தேத்தண்ணி குடிக்கிறேன். யாரிடமாவது கத்தத் தோன்றினாலும் அப்படித்தான்.