குருசுமுத்தர் ஏன் கடைசியில் நிற்கிறார்?

என் மனைவி ஜெனீற்றா மென்பொருள் எழுதுபவள். கொழும்புக் கம்பனி ஒன்றுக்காக, ஊர்காவற்றுறையில் எங்கள் குசினிக்குப் பக்கத்து அறையில் இருந்து எழுதுகிறாள். அவள் செய்வது எனக்கு விளங்காது. விளங்கியதுபோலத் தலையாட்டுவதில் மட்டும் நான் கெட்டிக்காரன்.

எங்கள் கரையில் கரைவலைச் சொந்தக்காரர்களான சம்மாட்டிமார் ஏழு பேர். ஒரு நாளைக்கு ஒருவர்தான் வலை போடலாம். அந்த முறையைத் தொலைபேசியில் காட்டவும், முதல்நாள் உரியவருக்குச் செய்தி அனுப்பவும் ஜெனீற்றா ஒரு செயலி செய்து கொடுத்தாள். கரை முழுக்கப் புகழ்ந்தது.

பிறகுதான் வில்லங்கம் தொடங்கியது. முறை கிட்டக் கிட்டக் ஏழு பேரில் குருசுமுத்தர் மட்டும் பட்டியலின் கடைசிக்குப் போய்விடுவார். மீன் பட்ட கிழமையிலும் அவருடைய வலை கரையிலேயே கிடந்தது. அவரோ, இன்னொரு சம்மாட்டியான என் மாமனார் பஸ்ரியாம்பிள்ளையோடு பல வருடமாகப் பேச்சில்லாதவர். கேட்க வேண்டுமா?

“தேப்பனுக்காக மோள் என்ரை பேரைக் கீழை தள்ளுறாள்!” என்று சந்தியில் நின்று கத்தினார். ஊரும் நம்பியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஜெனீற்றா சோறு தின்னவில்லை. “இஞ்சேருங்கோ, நான் ஒண்டும் தொடேல்லை. குடுத்தது ஒரே பட்டியல். ஏன் ஒருக்கா ஒருமாதிரி, பிறகு வேறமாதிரி வருது?” என்றாள். நான் தலையாட்டினேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து மாமாவின் புதுத் தொலைபேசி எண்ணைச் செயலியில் பதிந்தாள். பட்டியலில் மாமா கடைசிக்குப் போனார். ஜெனீற்றா போட்ட சத்தத்தில் நான் தேத்தண்ணியைக் கொட்டிவிட்டேன்.

விசயம் இதுதானாம். அவள் ஏழு பேரையும் வரிசையாகத்தான் எழுதியிருந்தாள். நடுவில் ஓஆர்எம் என்றொரு தரகர்; ஆள் அல்ல, அதுவும் ஒரு மென்பொருள்தானாம். அவர் பட்டியலைப் பிரித்து, ஆளுக்கொரு வரியாகத் தரவுத்தளத்தில் வைக்கிறார். யாருக்குப் பின் யார் என்பதை வைக்கவில்லை. வைக்கும்படி இவளும் சொல்லவில்லை. திருத்தப்பட்ட வரி கடைசியில் போய் விழுந்திருக்கிறது. குருசுமுத்தரோ மலிவான பக்கேஜ் தேடி சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பவர். செய்தி தவறக் கூடாதென்று, முறை வருமுன் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஓடிப்போய்ப் புது எண்ணைப் பதிந்துவிடுவார். பாவம், அந்தக் கவனமே அவரைக் கவிழ்த்தது.

சங்கக் கூட்டத்தில் ஜெனீற்றா எழுந்து, “பிழை என்ரைதான்,” என்றாள். இனி ஒவ்வொரு பேருக்கும் இட எண் உண்டு என்றாள். எந்த எண் யாருக்கு? முதலில் எழுதிய பட்டியலை அவளும் வைத்திருக்கவில்லை. எல்லோரும் மாதக்கணக்காகத் தொலைபேசியையே நம்பி இருந்துவிட்டார்கள். பழைய வரிசையை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். குருசுமுத்தருக்கே நிச்சயமில்லை.

அப்போது மாமா எழும்பினார். “குருசுமுத்தனை முன்னுக்குப் போடு பிள்ளை. என்னைக் கடைசியிலை போடு.”

மாமாவுக்கு என்ன வந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. குருசுமுத்தர் தன் தொலைபேசியை எடுத்தார்.

“பிள்ளை... நம்பர் திருப்பியும் மாறிப்போச்சு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெனீற்றா மாமா சொன்னபடி இட எண்களைப் போட்டு, பிறகு குருசுமுத்தரின் தொலைபேசி எண்ணை மாற்றினாள்.

“என்ரை பேர் முன்னுக்கு நிக்குதோ?”

“ஓம், முதலாவதா நிக்குது.”

குருசுமுத்தர் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் மாமாவுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார்.