சார் ஆட்டைத் தின்பார்

ஆடு வகுப்பறைக்குள் நுழைந்தபோது நான் செயப்படுபொருள் நடத்திக்கொண்டிருந்தேன்.

கடத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஈராசிரியர் பள்ளி அது. இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறையில் என் பொறுப்பு. பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்திருந்தேன். அரும்புக் குழு வார்த்தை அட்டைகளை அடுக்கி, அதைப் பார்த்து எழுத வேண்டும். எழுவாய் மஞ்சள், செயப்படுபொருள் பச்சை, பயனிலை சிவப்பு. மொட்டுக் குழு கோடிட்ட இடத்தை நிரப்பும். மலர்க் குழு சொந்தமாக எழுதும்.

அரும்பில் பவித்ரா என்று ஒரு பெண். அட்டைகளைச் சரியாக அடுக்குவாள். பென்சிலைக் கொடுத்தால் கையைக் கட்டிக்கொள்வாள். ஆறு மாதமாக அவள் நோட்டு வெள்ளையாகவே இருந்தது.

அன்று வட்டார அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வகுப்பைப் பார்வையிட வந்திருந்தார். வாசலோரம் உட்கார்ந்து அப்சர்வேஷன் ஃபார்மில் டிக் அடித்துக்கொண்டிருந்தார். போன் வந்ததும் ஃபார்மை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வருவதற்குள் ஒரு வெள்ளாடு பாதியை மென்றுவிட்டது. மீதியை அவர் பிடித்து இழுத்தார். ஆடும் இழுத்தது. ஆடு ஜெயித்தது.

“இந்த ஆட்ட பிரியாணி போடாம வுடமாட்டேன்!” என்று கத்தினார். ஆடு ஓடிவிட்டது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “டீச்சர், ஃபார்ம ஆடு தின்னுடுச்சுன்னா ஆபீஸ்ல எவனும் நம்பமாட்டான். நடந்தத பசங்கள எழுதச் சொல்லுங்க. போட்டோ எடுத்து நம்ம ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. எவிடென்ஸும் ஆச்சு, ஆக்டிவிட்டியும் ஆச்சு.”

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அரும்புக்கு ஒரு வாக்கியம், மொட்டுக்கு மூன்று, மலருக்கு ஒரு பத்தி என்று பிரித்துக் கொடுத்தேன். பவித்ரா பென்சிலை எடுத்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். அவள் எழுதி முடித்த சந்தோஷத்தில், படித்துக்கூடப் பார்க்காமல் எல்லா நோட்டையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அலுவலகத்திலிருந்து போன்.

“டீச்சர், சார் எதுக்குங்க ஆட்டத் தின்பாரு?”

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பவித்ராவின் நோட்டில், கோணல் எழுத்தில்: ‘சார் ஆட்டைத் தின்பார்.’

எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார்கள். நானும் மெனக்கெட்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மாணவி எழுத வந்தது ‘ஆடு சாரின் ஃபார்மைத் தின்றது’ என்பதே, எழுவாயையும் செயப்படுபொருளையும் குழப்பிவிட்டாள், ஐ உருபு தவறான சொல்லில் சேர்ந்துள்ளது, காலமும் பிழை, விரைவில் சரிசெய்யப்படும்.

மறுநாள் அதிகாரியே வந்துவிட்டார். ஆளாளுக்கு அவரைக் கேட்டுத் தீர்த்திருப்பார்கள் போல. நேராகப் போய்ப் பவித்ராவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“ஏம்மா, நானா ஆட்டத் தின்னேன்?”

“தின்னீங்கன்னு எழுதலீங்களே சார். தின்பீங்கன்னுதான எழுதியிருக்கேன். நீங்கதான பிரியாணி போடாம வுடமாட்டேன்னு சொன்னீங்க? அது எங்க வூட்டு ஆடுங்க. உங்களுக்குப் பயந்து வூட்டுக்குள்ளயே கட்டி வெச்சிருக்கோம்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கரும்பலகையைப் பார்த்தேன். எழுவாய் சரி. உருபு சரி. காலமும் சரி. பிழையாக இருந்தது என் ஒன்றரைப் பக்கம்தான்.

“நான் தின்னமாட்டேன் பாப்பா.”

பவித்ரா நோட்டை அவர் பக்கம் தள்ளினாள். “எழுதிக் குடுங்க சார்.”

‘நான் ஆட்டைத் தின்ன மாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டு, “சீல்?” என்றாள். பையிலிருந்து சீலை எடுத்துக் குத்தினார்.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளை எழுதிய வாக்கியம் தப்பாகத் தெரிந்தால், சிவப்புப் பேனாவைத் திறக்கும் முன் “என்ன சொல்ல வந்தே?” என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் விட்டதால், என் அலுவலகக் கோப்பில் அந்த ஒன்றரைப் பக்கம் இன்னும் இருக்கிறது.