பூண்டுக் கரைசலும் பக்கத்துப் பந்தலும்

சந்தையில் அவள் பெயர் பூண்டக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் கட்டினவனே ஒரு நொடி யோசிப்பான். பூண்டையும் வேப்பங்கொட்டையையும் இடித்து ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துப் பாகல் பந்தலுக்கு அடிப்பாள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நாற்றம் போகாது. பேருந்தில் பக்கத்து இருக்கை எப்போதும் காலிதான். அதுவும் ஒரு சௌகரியம் என்பாள்.

எல்லாம் அந்தப் பழ ஈயால் வந்தது. பிஞ்சில் ஊசி குத்தினாற்போல் துளை போட்டு முட்டை வைத்துவிட்டுப் போய்விடும், படுபாவி. வெளியே காய் லட்சணமாக இருக்கும். பிளந்தால் புழு நெளியும். போன பருவத்தில் பாதிக் காயைக் குழி வெட்டிப் புதைத்தாள். இந்தப் பருவம் வாரம் தவறாமல் கரைசல் அடித்தாள். காய் பளபளவென்று இறங்கியது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வரப்புக்கு அந்தப் பக்கம் ஓரகத்தியின் பந்தல். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே அடுப்பில் சமைத்தவர்கள்தான். பாகம் பிரித்தபோது ஒரு தையல் மெஷினுக்காக முட்டிக்கொண்டு, இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மெஷின் பூண்டக்கா வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது அவளுடைய வீம்பு.

ஒரு நாள் அழுகல் வாடை அந்த வீம்பையும் மீறித் தலையைத் திருப்ப வைத்தது. அந்தப் பந்தலில் பாதிக் காய் மஞ்சளித்துத் தொங்கியது. விரட்டிய ஈ எங்கே போயிற்று என்று அவள் யோசித்ததே இல்லை. எங்கே போகும், வரப்பைத் தாண்டிக் குடியேறிவிட்டது! ஓரகத்திக்கு அந்தப் பாகலை விட்டால் இந்தப் பருவத்தில் வேறு பயிர் கிடையாது. அன்று ராத்திரி கணவனிடம் சொன்னாள்.

"அவகிட்ட போய்ச் சொல்லேன்," என்றான் அவன்.

"எந்த மூஞ்ச வச்சுக்கிட்டு? அவ முகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொன்னவ நான்."

"அப்ப சும்மா இரு."

சும்மா இருக்கத்தான் முடியவில்லை. மறுநாள் ஓரகத்தி பையை எடுத்துக்கொண்டு கிளம்பியதைப் பார்த்தாள். வெயில் தாழ்ந்ததும் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பைத் தாண்டினாள். சொத்தைக் காயெல்லாம் பறித்து மூட்டை கட்டிவிட்டு அடிக்க ஆரம்பித்தாள். திருட்டுத்தனமாகச் செய்கிற வேலையா அது? தெருமுனை வரை நாறுமே! இரண்டு வரிசை முடியவில்லை, பின்னால் குரல் கேட்டது.

"யாரக் கேட்டு அடிக்கிற?"

ஓரகத்தி, கையில் பையோடு நின்றாள். பூண்டக்கா அடிப்பதை நிறுத்தினாள். பிறகு மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டாள்.

"எல்லாம் என்னாலதான். நான் விரட்டினது பூரா உன் பக்கம் வந்துடுச்சு. சத்தியமா எனக்கு நேத்துதான் தெரியும்."

"எனக்கு முதல்லயே தெரியும். உன் நாத்தம் காத்துல வர்ற அன்னைக்கெல்லாம் ஈயும் கூடவே வரும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கரைசல் குடுத்திருப்பேனே!"

"கேட்டா உன்கூடப் பேசணுமே," என்றாள் ஓரகத்தி.

அழுகிய மூட்டை இருவருக்கும் நடுவில் கிடந்தது. பூண்டக்காவுக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஓரகத்தி பையைக் கீழே வைத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்டே வந்தாள்.

"இலைக்கு அடியில படவே இல்ல, பாரு. குடு இப்படி."

குழாயைப் பிடுங்கிக்கொண்டாள். தொட்டி ஒருத்தி முதுகில், குழாய் இன்னொருத்தி கையில். குழாயின் நீளத்துக்கு மேல் விலக முடியாமல், மிச்ச வரிசைகளை இருவரும் சேர்ந்தே நடந்தார்கள்.