கண்ணாடிமேல் பூசிய சாந்து

குளத்தூரில் கனகதாஸின் ஷெட்டுக்கு முன்னால் எப்போதும் இரண்டு மூன்று பழைய சாமான்கள் நிற்கும். மைக்கா உரிந்த அலமாரி, தண்ணீர் பட்டு உப்பிய மேசை, நிறம் மங்கிய பீரோ என்று ஏதாவது. அவற்றின்மேல் சுவருக்குப் பூசும் புட்டிச் சாந்து இழுத்து, ஈரம் காயுமுன் பல்லுவைத்த தகட்டாலோ பழைய துடைப்பத்தாலோ வரி போடுவார். காய்ந்ததும் நீர்க்கக் கரைத்த சாயத்தைப் பூசி, துணியால் துடைத்தெடுப்பார். மேட்டில் நிறம் போய்விடும், பள்ளத்தில் தங்கிவிடும். இருபது வருஷம் திருவனந்தபுரத்துப் பிளாட்டுகளின் சுவர்களில் இதைச் செய்தவர். முழங்கால் முட்டு தேய்ந்து சாரம் ஏற முடியாமல் ஆனபிறகு சுவரை விட்டு மரச்சாமானுக்கு வந்தார்.

சுற்றுவட்டாரத்தில் அவர் கைபட்ட அலமாரிகள் ஏராளம். அவர் வீட்டில் மட்டும் ஒன்றுகூட இல்லை. மனைவி சத்தியபாய்க்கு அந்த வேலை பிடிக்காது. அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். தேக்கு தேக்காகத் தெரியவேண்டும், அதன்மேல் சாந்து அப்புவது மரத்தை அவமதிப்பது என்பாள். அவளுடைய அப்பா கொடுத்த தேக்கு அலமாரி, கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்தது, படுக்கையறையில் நின்றது. அதன் பக்கம் தூரிகையோடு போகக்கூடாது என்பது கல்யாணம் ஆன நாளிலிருந்து உள்ள சட்டம். கனகதாஸ் அதை மீறியதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவளுக்கு மறதி தொடங்கியது. முதலில் சாவி, பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆராதனை முடிந்து திரும்பும்போது வழி தவறி, உதியன்குளங்கரை ஜங்ஷனில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றவளை ஒரு ஆட்டோக்காரர் கூட்டிவந்து விட்டார். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். இனி கூடத்தான் செய்யும், குறையாது என்றும் சொன்னார். அன்றிலிருந்து கனகதாஸ் வெளிவேலைக்குப் போவதை நிறுத்தி, எல்லாவற்றையும் ஷெட்டுக்கே வரவழைத்தார்.

போன வருஷம் ஓணம் கழிந்த சமயத்தில் ஒருநாள் காலையில் அவள் படுக்கையறைக்குள் போகமாட்டேன் என்றாள்.

"உள்ள ஒருத்தி நிக்கா. எனக்க சேலைய உடுத்துட்டு நிக்கா."

அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். இது கண்ணாடி, அது நீதான், இந்தா பக்கத்தில் நான் நிற்கிறேன் பார் என்று காட்டினார். கண்ணாடிக்குள் இருந்த கனகதாஸைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது.

"அவகூட நிங்களும் நிக்கியளா?" என்றாள்.

அன்று முழுக்க அவர் கையால் ஒரு வாய் கஞ்சி வாங்கவில்லை.

வெள்ளறடையில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ரெஷ்மா நர்ஸ். இந்த நோயில் இப்படி வருவதுண்டு, கண்ணாடியைத் துணியால் மூடுங்கள் என்று போனில் சொன்னாள். அவர் போர்வையைக் கட்டினார். சத்தியபாய் பின்னால் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று பார்க்க அதை இழுத்துப்போட்டாள், பார்த்துப் பயந்து அலறினாள். அலமாரியை அப்புறப்படுத்தவும் மனம் வரவில்லை. அதைத் திறந்து சேலைகளை எடுத்து மறுபடி மடித்து அடுக்குவது ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த வேலை. கண்ணாடியோ சட்டத்தோடு இறுகியிருந்தது. உடைக்காமல் கழற்ற முடியாது.

கடைசியில் அவர் சாந்து குழைத்தார்.

முதல் பூச்சு நிற்கவில்லை. வழவழப்பில் சாந்து பிடிக்காது என்று தெரிந்தும் அவசரப்பட்டுவிட்டார். மூன்றாம் நாள் ஒரு பாளம் கழன்று விழ, அந்த இடைவெளியில் ஒற்றைக் கண் தெரிந்தது. சத்தியபாய் வாசல்வரை ஓடினாள்.

எல்லாவற்றையும் சுரண்டியெடுத்துவிட்டு, முரட்டு உப்புத்தாளால் கண்ணாடியையே தேய்க்கத் தொடங்கினார். முப்பத்தாறு வருஷம் அவள் நின்று தலைசீவிய இடம். பாதி தேய்த்தபோது தன் முகம் புகைபோல அதில் கிடப்பதைக் கண்டார். கொஞ்சநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து மீதியையும் தேய்த்தார். பிறகு பிரைமர், அதன்மேல் வலைத்துணி, அதன்மேல் மெல்லிய சாந்து. தகட்டை எடுக்காமல் விரல்களாலேயே மேலிருந்து கீழாக வரி இழுத்தார். சாயத்தை நாலைந்து தடவை கலக்கிப் பார்த்து, தேக்கின் நிறத்துக்குக் கொண்டுவந்தார்.

சத்தியபாய் வந்து வெகுநேரம் பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை. உள்ளங்கையை வைத்தாள், ஒரு பள்ளத்தில் விரலை வைத்து மேலும் கீழும் ஓட்டினாள். அதன்பிறகு மதியங்களில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அதைத் தடவுவது அவளுக்கு வழக்கமாயிற்று. ஒருநாள் அவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"இது ஆரு செய்தது?"

"ஒரு வேலைக்காரன்."

"நல்ல வேலையாக்கும். அவனுக்கு சாயா குடுத்தியளா?"

"குடுத்தேன்," என்றார். பொய்யாகிவிட வேண்டாமென்று அடுக்களைக்குப் போய், ஒரு சாயா போட்டு நின்றபடியே குடித்தார். குடித்து முடிக்க நேரமாயிற்று.

ரெஷ்மா மூலம் இது நாலு பேருக்குத் தெரிந்தது. இந்தத் தை மாதம் பாறசாலையிலிருந்து ஜெயச்சந்திரன் என்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் கூப்பிட்டார். அவருடைய அப்பாவுக்கும் இதே நோய், நாள்முழுக்க மேசையோடு சேர்த்துப் பதித்த முகக்கண்ணாடியோடு பேச்சு. அதை மூடித்தர வேண்டும். ரெஷ்மா வந்து அம்மாவோடு இருக்க, கனகதாஸ் வாளியும் சாமானுமாகப் போனார்.

வேலை தொடங்குமுன் கொஞ்சம் பார்க்கலாம் என்று அறை வாசலில் நின்றார். கிழவர் கண்ணாடிமுன் உட்கார்ந்து, அண்ணே சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வயலில் தண்ணீர் நிற்பதைச் சொன்னார். சிரித்தார். எதிரில் இருந்தவரும் சிரித்தார். அந்த அண்ணன் செத்து நாற்பது வருஷமாகிறது என்றார் ஜெயச்சந்திரன்.

"அய்யாவுக்கு பயம் உண்டா?" என்று கனகதாஸ் கேட்டார்.

"பயமொண்ணும் இல்ல. ஆளுவ வந்தா நமக்குத்தான் நாணக்கேடு."

கனகதாஸ் வாளியைத் திறக்கவில்லை. "இத மூடண்டாம் சாரே. இவருக்கு அதுல ஆளு உண்டு," என்றார்.

ஜெயச்சந்திரன் கோபப்படுவார் என்று நினைத்தார். அவர் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கனகதாஸ் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அம்மா சாப்பிட்டுவிட்டாள் என்று ரெஷ்மா போனில் சொன்னாள். வேலை ஒன்றுமில்லை, அடுத்த பஸ்ஸில் வாறேன் மக்கா என்றார்.