மச்சான் கொடுத்த பென் டிரைவ்

பிள்ளைகளா, பாஸ்போர்ட் போட்டோவைக் கட்டம் கட்டமாக அடுக்கித் தரும் அந்தச் சின்ன புரோகிராமை நீங்கள் இன்னும் "மாமா புரோகிராம்" என்றுதான் சொல்கிறீர்கள். அது வைரஸா, நல்லதா என்று நம் கடையில் நான் அலைந்த கதையில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதியையும் எழுதி வைக்கிறேன்.

நான் பன்னிரண்டாவது வரை படித்தவன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ், பிரிண்ட், போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் என்று ஓடுகிறது நம் பிழைப்பு. சுற்றுப்பக்கத்து வல்லத்திலிருந்தும் அவலூர்பேட்டையிலிருந்தும் பஸ் ஏறி வந்து, "அண்ணே, இது ஏன் ஓப்பன் ஆவல?" என்று என்னைக் கேட்கிறார்கள். வீட்டில் மட்டும், செல்லில் ஒரு படம் திறக்கவில்லை என்றாலும் பாப்பா, தம்பி, நீங்கள் ரெண்டு பேரும் சொல்வது, "மாமாவ கேக்கலாம்." மாமா என்றால் உங்கள் அம்மாவின் தம்பி, என் மச்சான். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எனக்கு அது சுருக்கென்று குத்தும். காட்டிக்கொள்ள மாட்டேன்.

ஒரு பொங்கலுக்கு அவன் வந்திருந்தான். நான் ஒவ்வொரு போட்டோவாக இழுத்து இழுத்துத் தாளில் அடுக்குவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தான். நீங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் அவன் தோளில் சாய்ந்துகொண்டீர்கள். நாங்கள் கரும்பு வெட்டி முடிப்பதற்குள் புரோகிராம் தயார். "பிள்ளைங்களுக்காக, மாமா" என்று அதன் அடியில் ஒரு வரி வேறு. பாப்பா கேட்டதால் போட்டானாம்.

அவன் ஊருக்குக் கிளம்பியதும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்தீர்கள். நம் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வெளி பென் டிரைவ் எதுவானாலும் முதலில் பின்பக்கத்துப் பழைய மெஷினில்தான் போடுவோம். அதில் நெட் கிடையாது, ஆன்டிவைரஸ் மட்டும் உண்டு. அதைச் சொன்னேன்.

"மாமாவோடதுக்குமா நைனா?" என்றாள் பாப்பா, நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி. அதற்குள் தம்பி அதை முன்பக்கத்து மெஷினில் சொருகிவிட்டான். நான் அரை மணி நேரம் மல்லாடும் வேலையை அது கண் இமைக்கிற நேரத்தில் முடித்தது. வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப் பார்த்து, "யாருப்பா செஞ்சது? நல்லா இருக்குதே" என்றார். நீங்கள் சொன்னீர்கள். நான் போட்டோ வெட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம், வழக்கத்தை விடக்கூடாது என்று அந்த பென் டிரைவைப் பழைய மெஷினில் போட்டேன். திரையில் சிவப்பாக எச்சரிக்கை. மாமா புரோகிராம் மேலேயே.

பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம். உடனே உங்கள் அம்மாவுக்கு போன் போட்டேன்.

"உன் தம்பி வைரஸ் குடுத்துட்டு போயிருக்கான்."

"அந்தப் பழைய டப்பா சொல்லுதா? அதுக்கு இன்னா தெரியும். நல்லா பாத்துட்டு சொல்லு," என்றாள். "நீ அவன் மேல பழி போடறதுக்குன்னே ஒக்காந்திருக்கிற."

பக்கத்தில் நின்ற பாப்பா முகம் சுருங்கிப் போய், "மாமா அப்டிலாம் பண்ணமாட்டாரு" என்று மட்டும் சொன்னாள். அவள் வாயாலேயே "நைனா சொன்னது சரி" என்று வரவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

சந்தேகப்படும் ஃபைலை ஏற்றினால் பல கம்பெனி ஆன்டிவைரஸ்களும் சேர்ந்து பார்த்துச் சொல்லும் வெப்சைட் இருக்கிறது. முன்பக்கத்து மெஷினிலிருந்து அதில் ஏற்றினேன். நாலைந்து மட்டும் சிவப்பு காட்டினால் நம்ப வேண்டாம். வீட்டில் செய்த புது புரோகிராம் என்றால் முன்னே பின்னே தெரியாத ஆளைப் பார்த்து நாய் குரைப்பது போல அதுகளும் குரைக்கும். இங்கே பாதிக்கு மேல் சிவப்பு. சந்தேகமே இல்லை என்று மச்சானைக் கூப்பிட்டேன். நீங்களும், அதற்குள் கடைக்கு வந்துவிட்ட அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னா மச்சான், பெரிய கம்பெனியில வேலை, வைரஸ்தான் செய்யறீங்களா?"

அவன் கோபப்படவில்லை. "இருங்க மாமா, பாத்துடலாம்" என்றான். ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி ஒரு நீள நம்பர் உண்டாம். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் மொத்த நம்பரும் மாறிவிடுமாம். ரேஷன் கடையில் விரல் வைக்கிற மாதிரிதான். கட்டளை டைப் பண்ணும் கருப்புத் திரையைத் திறக்கச் சொல்லி, ஒரு வரியை டைப் பண்ணச் சொன்னான். வந்த நம்பரைப் படித்தேன். அவன் லேப்டாப்பில் இருக்கும் ஃபைலின் நம்பர் வேறு.

"நம்பர மாத்திச் சொல்லாத," என்றேன்.

"இல்ல மாமா. நான் குடுத்தப்புறம் எதுவோ அதுல ஒட்டிக்கிச்சு. பென் டிரைவ எங்கெங்க சொருவுனீங்க?"

தம்பிதான் சொன்னான்: "அப்ப நம்ம முன்னாடி மெஷினுக்குத்தான் சளி புடிச்சிருக்குது நைனா."

உங்கள் அம்மா சிரித்தது ஸ்பீக்கரில் அவனுக்கும் கேட்டிருக்கும்.

நான் விடவில்லை. நம்ம பிரிண்டரோடு வந்த சிடியில் இருக்கும் புரோகிராம் சுத்தமானது. பழைய மெஷினில் அதன் நம்பரை எடுத்தேன். முன்பக்கத்து மெஷினில் காப்பி பண்ணி, ஒரு தடவை ஓட்டி, திரும்ப நம்பர் எடுத்தேன். மாறியிருந்தது. அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. பொங்கல் கூட்டத்திலோ, கோயிலுக்குப் போகிற அமாவாசைக் கூட்டத்திலோ யாருடைய பென் டிரைவோ நேராக முன்பக்கம் ஏறியிருக்கிறது. மெஷின் மெதுவாக இருக்கிறது என்று அதில் ஆன்டிவைரஸை நிறுத்தி வைத்திருந்தது வேறு யாரும் இல்லை.

இரவு மச்சான் தனியாக போன் பண்ணினான். "கடை மெஷின்ல இருந்து வாடிக்கையாளருக்குப் போயிருந்தா பேரு கெட்டுடும் மாமா. வந்தவங்ககிட்ட சொல்லிடுங்க. நான் வேணா வந்து சுத்தம் பண்ணித் தரட்டா?" அவன் ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அப்படி எதுவும் சொல்லவில்லை.

"நானே பண்ணிக்கிறேன்," என்றேன்.

பண்ணினேன். கடை சாத்தி, மெஷினை மொத்தமாக அழித்து, விண்டோஸ் புதிதாக ஏற்றினேன். பென் டிரைவ் கொண்டு வந்த ஆட்களைத் தேடித் தேடி போன் போட்டுச் சொன்னேன். ரெண்டு பேர் திட்டினார்கள். ஒருத்தர், "சொன்னியே, அதுவே போதும்" என்றார். அதை வீட்டில் வந்து சொன்னேன். "சரி நைனா" என்றாள் பாப்பா, செல்லைப் பார்த்தபடி. மாமா மெசேஜ் அனுப்பியிருந்தான். புரோகிராமை மறுபடி அனுப்பிவிட்டேன், நம்பரையும் போட்டிருக்கிறேன், நைனா சரி பார்த்துக்கட்டும் என்று.

மறுநாள் காலையில் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, ஷட்டரைப் பாதி தூக்கி வைத்த கடையில் நான் மட்டும். திரையில் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக நம்பரைச் சரி பார்த்தேன். எல்லாம் பொருந்தியது. திறந்தேன். போட்டோக்கள் அழகாக வரிசையில் வந்து நின்றன. அடியில் அந்த வரியும் வந்தது: பிள்ளைங்களுக்காக, மாமா.

மவுஸால் அந்தப் புரோகிராம் ஜன்னலைப் பிடித்து, அந்த வரி திரைக்குக் கீழே மறைகிற மட்டும் இறக்கி விட்டேன். பிறகு ஷட்டரை முழுசாகத் தூக்கினேன்.