கேட்டுக்கு வெளியே நிற்காத அக்கா

அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்குக் கட்டுரை எழுதும்படி அத்தான் கேட்டபோது, "உருக்கமா எழுத எனக்கு வராது அத்தான், நடுவுல சிரிச்சிடுவேன்" என்றேன். "உங்க அக்கா ஜெபம் பண்ணும்போதே சிரிச்சவதானே, எழுதுலா" என்றார். ஆகவே இதிலுள்ள குற்றங்குறைகளில் பாதி அத்தானைச் சேரும்.

அக்கா பிறந்தது காப்பார் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில். அப்பா அங்கே கிராணி, கணக்கெழுதும் வேலை. நான் பிறந்த மறுவருடமே அம்மா காலமானார். ஒன்பது வயது மூத்தவரான அக்காதான் என்னைக் குளிப்பாட்டி, சோறூட்டி, நான் செய்த விஷமங்களுக்கெல்லாம் வாத்தியாரிடம் போய் மன்னிப்புக் கேட்டு வளர்த்தார். அந்த வேலை அவருக்குக் கடைசிவரை ஓயவில்லை.

அக்காவிடம் ஒரு குறை இருந்தது. வீம்பு. அப்பா ஒருமுறை எல்லார் முன்னிலும் திட்டிவிட்டார் என்பதற்காக இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. "அப்பாவை சாப்பிட வரச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார்; அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி, "அப்பா, உங்களை சாப்பிட வரச் சொல்றாங்க" என்பேன். நான் பார்த்த முதல் உத்தியோகம் அதுதான்.

அப்பா ஓய்வு பெற்றதும் கிள்ளானுக்குக் குடிவந்தோம். அக்காவுக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. பக்கத்துத் தெருவிலிருந்த தமிழ்ச் சபைக்கு ஒரு தோழியோடு போகத் தொடங்கியவர், எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் பெற்றார். தலை ஈரம் காயுமுன் வீட்டுக்கு வந்து, அப்பாவிடம் மறைக்காமல் சொன்னார்.

"அப்பா, நான் ஞானஸ்நானம் எடுத்துட்டேன். இன்னிக்கு நான் புதுசா பொறந்திருக்கேன்."

அப்பா அவர் ஈரத் தலையைப் பார்த்தார். "அப்ப நானும் உங்கம்மாவும் பெத்தது பத்தலையா? புதுசா யாருக்குப் பொறந்தியோ அங்கேயே போ. இந்தக் கேட்டைத் தாண்டி வராதே."

சாமியை மாற்றிக்கொண்டதால் வந்த கோபம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்றிருந்த எனக்குத்தான் தெரியும். மகள் தன்னை அப்பா என்கிற இடத்திலிருந்தே இறக்கிவிட்டாள் என்று அவர் நினைத்துவிட்டார். அக்கா பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். அப்பாவும் நானும் சமைத்துச் சாப்பிட்டோம். அந்தச் சாப்பாட்டைப் பற்றி இறந்தவர் நினைவு மலரில் எழுதுவது முறையல்ல.

டிசம்பர் வந்தால் சபையார் ஒரு லோரியில் ஏறி, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போவார்கள். ஒரு ஞாயிறு பிற்பகல் கிள்ளானுக்கும் வருவார்கள். அப்பாவுக்குத் தெரியாமல் நானும் சேர்ந்துகொண்டேன். பக்தி ஒன்றும் இல்லை. போகிற வீடெல்லாம் உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப் கொடுத்தார்கள். என் உடம்பைப் பார்த்ததும் கிறிஸ்துமஸ் தாத்தா உடுப்பை எனக்கே கொடுத்துவிட்டார்கள். வயிற்றில் கட்டத் தலையணை தேவைப்படவில்லை.

கேட்டருகே நின்று இரண்டு பாட்டுப் பாடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். அக்கா சம்மதிக்க மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார். பாட்டுக் குழுவை நடத்தியவர் கடிகாரத்தைக் காட்டுவார்.

"சிஸ்டர், இன்னும் பத்து வீடு இருக்குலா!"

"இருக்கட்டும் பிரதர். கடவுள் மேலே இருந்தே கையை ஆட்டிட்டுப் போயிருந்தா நாமளும் கேட்டுலயே பாடிட்டுப் போயிடலாம். அவரு மனுஷனா கீழ வந்தாரு. ஒரு வீட்டுல பிள்ளையா பொறந்து, அவங்க போட்டதைச் சாப்பிட்டு வளர்ந்தாரு. வாங்க, உள்ள போய் உட்காருவோம்."

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், பலவற்றில் தூங்கியும் இருக்கிறேன். தேவன் மனிதனாக வந்ததை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் ஒரே ஒரு வீடு மட்டும் விதிவிலக்கு. லோரி எங்கள் தெருவுக்கு வந்தால், அக்கா கேக் டின்னை எங்கள் கேட்டுத் தூணில் வைத்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். மூன்று வருடம் அப்படித்தான். அப்பா அதைத் தொடமாட்டார். அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

நான்காம் வருடம் நல்ல மழை. லோரி எங்கள் வீட்டு முன் நின்றது. அக்கா டின்னை எடுத்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஊரான் வீட்டுக்கெல்லாம் உள்ள வா, உள்ள வான்னு கூப்பிடுறே. நம்ம வீட்டுக்கு மட்டும் உங்க சாமி கேட்டோட நின்னுக்குவாராக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. அக்கா டின்னோடு இறங்கினார். கேட்டைத் திறந்தார். அது ஒருநாளும் பூட்டியிருந்ததில்லை. வம்பை ஆரம்பித்தவன் என்பதால் நானும் பஞ்சுத் தாடியோடு பின்னால் போனேன்.

அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். அக்கா அவர் காலடியில், தரையில் உட்கார்ந்தார்.

"அப்பா, அன்னிக்கு நான் சரியா சொல்லலப்பா. புதுசா பொறந்தேன்னா உங்களை விட்டுட்டேன்னு அர்த்தம் இல்ல. நான் கும்பிடுற சாமியே ஒரு தச்சர் வீட்டுல பிள்ளையா அடங்கி இருந்தவருப்பா. உங்களுக்கு இன்னும் நல்ல மகளா இருக்கத்தான் நான் பொறந்திருக்கேன்."

பேப்பர் அசையவில்லை. லோரியில் இருந்தவர்கள் பாடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நனைந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தத் தாத்தா ஏன் கூடத்துல தண்ணி சொட்டிக்கிட்டு நிக்கிறாரு? துண்டு எடுத்துக் குடு. எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்தானே."

அக்கா எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் கழித்தே வந்தார், கண் சிவந்திருந்தது. நான் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தேன். தாடி துண்டோடு வந்துவிட்டது.

அப்பா பேப்பரை இறக்கினார். "டேய்! நீயுமா?"

"இல்லப்பா, நான் கறிபாப்புக்கு மட்டும்தான்!"

நான்கு வருடம் கழித்து அப்பா அன்றைக்குத்தான் சிரித்தார். "வெளிய நிக்கிறவங்களையும் கூப்பிடு" என்றார். இருபது பேர் ஈரத்தோடு உள்ளே வந்தார்கள். அக்கா காப்பி கலக்கினார். பாட்டில் தாளம் தப்புவதாக அப்பா குறை சொன்னார்.

அப்பா கடைசிவரை தம் சமயத்திலேயே இருந்தார். அக்காவின் திருமணத்தன்று நெற்றி நிறைய விபூதியோடு ஆலயத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்தார். அக்காவும் அவரை ஒருநாளும் வற்புறுத்தவில்லை. வாராவாரம் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பல வருடம் கழித்து நான் ஞானஸ்நானம் பெற்றபோது, "கறிபாப்புக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உண்மை வேறு. விசுவாசத்தால் புது வாழ்வு வரும் என்பதை நான் வேதத்தில் படிக்குமுன் அக்காவிடம் பார்த்துவிட்டேன். பழைய அக்கா அந்தக் கேட்டைத் திறந்திருக்கவே மாட்டார்.

சென்ற ஆண்டு சுபாங் ஜெயா வீட்டில் அவர் படுக்கையில் இருந்தபோது, சபையார் வந்து, தொந்தரவு செய்யக் கூடாதென்று கேட்டருகே நின்று மெல்லப் பாடினார்கள். அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "டேய், அவங்களை ஏன்டா வெளிய நிக்க வச்சிருக்கே?" எல்லாரும் உள்ளே வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் அக்கா அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

இரவு பகல் பாராமல் கவனித்துக்கொண்ட அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும், சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், ஜெபித்த போதகருக்கும் சபையாருக்கும், அடக்க நாளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி. வீட்டில் கூட்டம் அதிகம் என்று அன்றைக்குக் கேட்டோடு நின்று திரும்பிவிட்டவர்களும் சிலர் உண்டு என்று அறிந்தேன். உங்களுக்குத்தான் முக்கியமாக எழுதுகிறேன். எப்போது வந்தாலும் உள்ளே வாருங்கள். மழையில் நனைந்து வந்தாலும் பரவாயில்லை. துண்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.